72 வீடு, ஒரே மொட்டைமாடி: கூட்டுச் சோலாரில் யூனிட் யாருக்கு, பசுமைச் சான்று யாருக்கு?

செயலாளர்_72 எழுதியது:

சென்னை, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம். கடலிலிருந்து 4 கி.மீ. ஸ்டில்ட் + 5 மாடி, 72 வீடுகள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரூம் போக சுமார் 900 சதுர மீட்டர் காலியாக இருக்கிறது. பொது இணைப்பின் ஒப்புதல் மின்சுமை 56 கிலோவாட். 2 லிஃப்ட், போர்வெல் மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, விளக்குகள் எல்லாம் அதில்தான். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் ஓடுகிறது. பொது மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் உண்டு.

மூன்று கேள்விகள்:
1) பொது மீட்டருக்கு மட்டும் சோலார் போடுவதா, வீடுகளுக்கும் யூனிட்டைப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறதா?
2) எத்தனை கிலோவாட் போடலாம்?
3) ஒரு நிறுவனம் முழு முதலையும் தானே போடுவதாகச் சொல்கிறது. 20 வருட ஒப்பந்தம், யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதுமாம். "ஆர்.இ.சி. (புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்று) விற்கிற பணத்திலும் சங்கத்துக்குப் பங்கு" என்று வரைவில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பங்கு நிஜத்தில் வருமா?

பொதுக்குழுவுக்கு முன்னால் தெளிவு வேண்டும்.

——

மின்கணக்கு எழுதியது:

வணக்கம் சார். முதலில் இரண்டாவது கேள்வி. மற்றதெல்லாம் அதில் தொங்குகிறது.

பொது இணைப்புக்கு இப்போது யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. வீட்டு இணைப்பு அப்படியில்லை. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படிகளும் குறைவு. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில் சோலார் மிச்சப்படுத்தும் யூனிட்டின் மதிப்பு, லிஃப்டுக்கு ஓடும் யூனிட்டின் மதிப்பை விட ரொம்பக் கம்மி. ஆகவே கூரை இடம் குறைவாக இருக்கும் அடுக்ககத்தில் முதல் கிலோவாட் போக வேண்டிய இடம் பொது மீட்டர்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எவ்வளவு என்பது மீட்டரிங் முறையைப் பொறுத்தது.

நெட் மீட்டரிங்: வெளியே போன யூனிட், உள்ளே வந்த யூனிட்டோடு யூனிட்டுக்கு யூனிட் கழியும்.
நெட் ஃபீட்-இன்: வெளியே போன யூனிட்டுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை ரூபாயாக வரவு வைக்கப்படும். உள்ளே வந்ததற்கு முழு விலை. அந்த வரவு வாங்கும் விலையில் பாதிக்கும் கீழே.
கிராஸ்: உற்பத்தி முழுவதும் ஈ.பி.க்கு விற்பனை, உங்கள் உபயோகம் தனிக்கணக்கு.

தமிழ்நாட்டில் இந்த மூன்றுக்கும் அடிப்படை, ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் போட்ட ஆணை. உங்கள் பொது இணைப்பின் வீதப்பட்டியல் எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த இணைப்புக்கு எந்த முறை பொருந்தும், வலையமைப்புக் கட்டணம் (ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கானது) யூனிட்டுக்கு எவ்வளவு" என்று செயற்பொறியாளருக்குக் கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பேனல் விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. ஏன் என்று கணக்கில் பாருங்கள்.

52 கிலோவாட் போட்டால், கிலோவாட்டுக்கு வருடம் 1,450 யூனிட் என்ற கணக்கில் சுமார் 75,000 யூனிட். நாளுக்கு 205. உங்கள் பொதுச் செலவு நாளுக்கு 230. நெட் மீட்டரிங் என்றால் அத்தனையும் கழியும். 205 × 8 = 1,640 ரூபாய்.

நெட் ஃபீட்-இன் என்றால்? பகலில் உங்கள் சுமை சராசரி 12 கிலோவாட் என்று வையுங்கள். 205 யூனிட்டில் 95 தான் அங்கேயே செலவாகும். மீதி 110 வெளியே போய் 3 ரூபாய் சொச்சம் பெறும். 95 × 8 + 110 × 3 = 1,090.

அதே நெட் ஃபீட்-இன்னில் 25 கிலோவாட் மட்டும் போட்டால் நாளுக்கு 100 யூனிட், அதில் 80 உள்ளேயே செலவாகும். 640 + 60 = 700. ஆக, இரண்டாவது 27 கிலோவாட் கொண்டு வருவது நாளுக்கு 390 தான். கிலோவாட் 50,000 என்று போட்டால் அதற்கு 13.5 லட்சம் முதல். வருடம் 1.42 லட்சம் வருமானம், மானியத்துக்கு முன். முதல் 25-க்கும் இரண்டாவது 27-க்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

வலையமைப்புக் கட்டணத்தை நான் இதில் கழிக்கவில்லை. அது உற்பத்தி மீட்டரில் ஓடிய யூனிட்டின் மேல் விழுவது. ஒப்பிடும்போது யூனிட்டுக்கு ஒரு ரூபாய் என்று கழித்து ஒரு பட்டியல், கழிக்காமல் ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

——

வயர்மேன்_கோவை எழுதியது:

நெட் ஃபீட்-இன் தான்னு பதில் வந்தா, போர்வெல் மோட்டாரை டைமர் போட்டு காலை 10-லிருந்து 2-க்குள்ள ஓட விடுங்க. மேல்தொட்டிக்கு ஏத்தற மோட்டாரையும் அதே நேரத்துல. சுத்திகரிப்பு ப்ளோயர் 24 மணி நேரமும் ஓடறது, அதை மாத்த வேண்டாம். மோட்டார் ரெண்டையும் பகலுக்குத் தள்ளினாலே உள்ளே செலவாகற யூனிட் கணிசமா ஏறும். டைமருக்கு ஆகற செலவு ஆயிரம், ரெண்டாயிரம்தாங்க.

——

டெல்லி_வாசகன் எழுதியது:

முதல் கேள்விக்கு: ஒரே பிளான்ட்டின் உற்பத்தியைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பங்கு போடும் முறைக்கு விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்று பெயர். டெல்லி ஆணையம் 2019-லேயே இதற்கு வழிகாட்டு நெறி போட்டது. ஒரே நுகர்வோரின் பல இணைப்புகளுக்குப் பிரிப்பது குரூப் நெட் மீட்டரிங். வெவ்வேறு நுகர்வோருக்குப் பிரிப்பது விர்ச்சுவல். பேனல் உங்கள் கூரையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே விநியோக நிறுவனத்தின் எல்லைக்குள் வேறு இடத்தில் இருந்தாலும் போதும். கூரையே இல்லாத வாடகை வீட்டுக்காரருக்கும், மரநிழல் விழும் கட்டடத்துக்கும் வழி இதுதான்.

நடைமுறை இப்படி: பங்குதாரர் எல்லாரும் சேர்ந்து ஒருவரை முன்னிலை நுகர்வோராகக் குறித்து ஒப்பந்தம் போட வேண்டும். அதில் ஒவ்வொரு இணைப்பு எண்ணுக்கும் எதிரே சதவீதம் இருக்கும். கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். பிளான்ட்டில் ஓடிய யூனிட்டை விநியோக நிறுவனம் அந்தச் சதவீதப்படி ஒவ்வொரு பில்லிலும் வரவு வைக்கும்.

இதில் சிக்கல் வருவது மின்சாரத்தால் அல்ல, பட்டியலால். வீடு கைமாறும்போது இணைப்பின் பெயர் மாறும், பங்குப் பட்டியலில் பழைய பெயரே நிற்கும், வரவு தடைப்படும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு யூனிட் குவியும், பக்கத்து வீட்டுக்குப் போதாது. பட்டியலை வருடத்துக்கு எத்தனை முறை மாற்றலாம், எவ்வளவு முன்னறிவிப்பு வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் சதவீதம் பிரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உங்கள் வட்டத்தில் இதற்கு விண்ணப்பம் ஏற்கிறார்களா என்பதை, மின்கணக்கு சொன்ன அதே கடிதத்தில் ஒரு வரியாகக் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் கையில் வருவதற்கு முன் எந்த வீட்டிடமும் பங்குப் பணம் வாங்காதீர்கள்.

——

செயலாளர்_72 எழுதியது:

மேல்மாடிக்காரர்கள் சிலர், "நாங்கள் தனித்தனியாக 3 கிலோவாட் போட்டுக்கொள்கிறோம், மானியம் எங்களுக்குத்தான் அதிகம்" என்கிறார்கள். அது சரியா?

——

மின்கணக்கு எழுதியது:

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் (2024 பிப்ரவரி) தனி வீட்டுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, உச்சம் 78,000 ரூபாய். குடியிருப்புச் சங்கத்தின் பொது வசதிக்குக் கிலோவாட்டுக்கு 18,000, வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரை. ஆகவே கிலோவாட்டுக்கு என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரி.

ஆனால் 72 வீடும் 3 கிலோவாட் கேட்டால் 216 கிலோவாட். 900 சதுர மீட்டரில், நடைபாதையும் நிழல் தள்ளியும் பார்த்தால் 90 கிலோவாட்டே நிறைந்து போகும். முதலில் வந்த 30 வீடு கூரையை எடுத்துக்கொண்டால் மீதி 42 வீட்டுக்கும் பிரிபடாத பங்கு இருக்கிறதே, அவர்களுக்கு என்ன பதில்? அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் மாடியிலிருந்து கீழே மீட்டர் அறை வரை தனிக் கேபிள் இறக்க வேண்டும்.

நான் சொல்லும் வரிசை: பொது மீட்டருக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். மீதி இடத்தை வீடுகளுக்குச் சம அளவில் உரிமையாகப் பிரித்து, வேண்டாதவர் விட்டுக்கொடுக்கலாம் என்று தீர்மானம் போடுங்கள். விண்ணப்பித்த வரிசையில் கொடுக்காதீர்கள்.

மானியத்துக்கு இரண்டு குறிப்பு. பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். விலைப்புள்ளியில் 'டி.சி.ஆர். பேனல்' என்று எழுதச் சொல்லுங்கள், அது சாதாரணப் பேனலை விட விலை கூடும். ஜி.எஸ்.டி.: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருள்களுக்கு 12 சதவீதம் 5 ஆனது. பொருத்தும் வேலையோடு சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கு பொருளாகவும் 30 பங்கு சேவையாகவும் கொள்வதால் மொத்தத்தில் 8.9 சதவீதம் வரும். முன்பு 13.8. பழைய விலைப்புள்ளியை அப்படியே நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

——

பச்சைச்சீட்டு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் சங்கங்கள் அதிகம் ஏமாறுகின்றன.

சோலார் பிளான்ட்டில் ஒரு யூனிட் பிறக்கும்போது விற்கக்கூடிய பொருள் இரண்டு பிறக்கிறது. ஒன்று மின்சாரம். இன்னொன்று, 'இது புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. ஆர்.இ.சி. என்பது அந்த இரண்டாவது பொருளின் சீட்டு. 1,000 யூனிட்டுக்கு ஒரு சீட்டு. மத்திய ஆணையம் 2010-ல் விதி போட்டது, 2011 மார்ச்சில் மின்சந்தையில் வியாபாரம் தொடங்கியது.

இணையத்தில் கிடக்கும் பழைய கட்டுரைகளைப் படித்தால் இதில் பெரும் பணம் இருப்பதாகத் தோன்றும். தொடக்கத்தில் சோலார் சீட்டின் அடிவிலை 12,000 ரூபாய். 2012-ல் 9,300. 2015-ல் 3,500. 2017-ல் 1,000. 2022 டிசம்பர் 5-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அடிவிலையும் இல்லை, மேல்விலையும் இல்லை. சந்தை என்ன தருகிறதோ அதுதான். அது சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

உங்கள் 52 கிலோவாட்டுக்கு வருடம் 75 சீட்டு. சீட்டு 300 ரூபாய் என்று வைத்தால் 22,500. அங்கீகாரக் கட்டணம், பதிவுக் கட்டணம், தனி மீட்டர், மாதாமாதம் மாநில மின்சுமை மையத்தின் கணக்கு, தரகு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதை 72 வீட்டுக்குப் பங்கு போட்டால் வருடத்துக்கு வீட்டுக்கு 312 ரூபாய், அதுவும் செலவு போகுமுன்.

பணத்தை விட முக்கியமான தடை வேறு. நெட் மீட்டரிங்கில் இருக்கும் வீட்டுக்கூரையின் பசுமைப் பங்கை விநியோக நிறுவனம் தன் கட்டாய ஒதுக்கீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மத்திய மின் அமைச்சகத்தின் 2023 அக்டோபர் அறிவிக்கைப்படி 2024-25-ல் மொத்த மின்சாரத்தில் 29.91 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். 2029-30-ல் அது 43.33. அதற்குள்ளேயே கூரைச் சோலார் போன்ற சிறு பிளான்ட்டுகளுக்குத் தனி ஒதுக்கீடு, 1.5-லிருந்து 4.5 சதவீதம் வரை. உற்பத்திக் கணக்கு கிடைக்காவிட்டால் கிலோவாட்டுக்கு நாளுக்கு 3.5 யூனிட் என்று வைத்துக் கணக்கிடலாம் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. அதாவது உங்கள் பேனல் அந்தக் கணக்கில் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிடும். அதே யூனிட்டுக்குச் சீட்டு வாங்கி இன்னொருவருக்கு விற்பது, ஒரு நிலத்தை இரண்டு பேருக்குக் கிரயம் செய்வது மாதிரி.

ஆகவே வரைவில் இருக்கும் அந்த வரிக்கு இரண்டே பொருள்தான் இருக்க முடியும். ஒன்று, விஷயம் தெரியாமல் எழுதியது. அல்லது, உங்கள் கையெழுத்தில் பசுமை உரிமை முழுவதையும் அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதற்காக எழுதியது. இரண்டாவதுக்கு வாய்ப்பு அதிகம். 'சுற்றுச்சூழல் பண்புகள் அனைத்தும்', 'கார்பன் வரவுகள்' என்ற சொற்கள் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா பாருங்கள்.

——

செயலாளர்_72 எழுதியது:

இருக்கிறது. "தற்போதும் எதிர்காலத்திலும் உருவாகும் அனைத்துப் பசுமை மற்றும் கார்பன் பலன்களும் மின் உற்பத்தியாளரைச் சேரும், நிகர வருமானத்தில் 10 சதவீதம் சங்கத்துக்கு."

——

பச்சைச்சீட்டு எழுதியது:

'நிகர' என்ற சொல் போதும், பத்து சதவீதம் என்றைக்கும் பூஜ்யமாகவே இருக்கும். செலவுக் கணக்கு அவர்கள் கையில். "விநியோக நிறுவனத்தின் கட்டாய ஒதுக்கீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது போக, எஞ்சும் எந்தப் பசுமை உரிமையும் சங்கத்துடையது, சங்கத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி மாற்றவோ பதியவோ கூடாது" என்று திருத்தச் சொல்லுங்கள்.

——

ஐ_ரெக்_ஆர்வலர் எழுதியது:

சிறு கூரைகளைச் சேர்த்துக் கட்டி ஐ-ரெக் என்ற சர்வதேசச் சான்று வாங்கித் தருவதாகச் சிலர் சொல்கிறார்களே. அதற்கு அளவுத் தடை அவ்வளவு இல்லை. அதை ஏன் முயலக் கூடாது?

——

பச்சைச்சீட்டு எழுதியது:

அளவு தடையில்லைதான். உரிமைதான் தடை. ஐ-ரெக்கும் அதே 1,000 யூனிட்டின் அதே பசுமை உரிமையைத்தான் விற்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஒரு கோரிக்கை என்பதே இந்தச் சான்றுகளின் உயிர். நெட் மீட்டரிங் ஒப்பந்தத்தில் அந்த உரிமை விநியோக நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது என்று இருந்தால், இங்கே இரண்டாவது சான்றுக்கு இடமில்லை. யாராவது சேர்த்துக் கட்டித் தருவதாகச் சொன்னால் உங்கள் மின் இணைப்பு ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டி, "இது இருக்கும்போது எப்படிப் பதிவீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

——

எடிசன்_நியூஜெர்சி எழுதியது:

அமெரிக்காவில் இதே குழப்பம் பெரிய அளவில் நடந்து தெளிந்தது. இங்கே கம்யூனிட்டி சோலார் என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் பிளான்ட்டில் ஒரு பங்குக்குச் சந்தா கட்டுவது. கரண்ட் பில்லில் வரவு விழும். ஆனால் பசுமைச் சான்று பெரும்பாலும் சந்தாதாரருக்கு வராது. மாசசூசெட்ஸில் 2018-ல் தொடங்கிய 'ஸ்மார்ட்' என்ற சோலார் ஊக்கத் திட்டத்தில் சான்று மின் நிறுவனத்துக்குப் போகிறது. மினசோட்டாவில் 2013 சட்டத்தின் கீழ் வந்த 'சோலார் தோட்டம்' என்ற கூட்டு பிளான்ட்டுகளில் எக்ஸல் என்ற மின் நிறுவனம் சான்றுக்கு யூனிட்டுக்கு 2 சென்ட், சிறிய பிளான்ட்டுக்கு 3 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டது.

அப்படிச் சான்றை விற்ற பிறகு "நாங்கள் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறோம்" என்று விளம்பரம் செய்தால் அது ஏமாற்று என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் 2012 பசுமை வழிகாட்டி சொல்கிறது. கூரையில் பேனல் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படித்தான். "எங்கள் கூரையில் சோலார் பிளான்ட் இருக்கிறது" என்று மட்டும் சொல்வதும் அந்த வழிகாட்டிப்படி ஏமாற்றுதான், "புதுப்பிக்கத்தக்க மின்சாரம் எடுக்கிறோம், ஆனால் அத்தனையையும் பிறருக்கு விற்கிறோம்" என்று சொல்லலாம். உங்கள் சங்கம் வாசலில் 'பசுமைக் குடியிருப்பு' பலகை வைக்கப் போகிறது என்றால் இதை நினைவில் வையுங்கள்.

——

காற்றாலைக்காரர் எழுதியது:

அப்படியானால் ஊர் சேர்ந்து மின்சாரம் எடுத்து வருமானம் பார்த்ததே இல்லையா என்று யாரும் எண்ண வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1.55 கோடி ரூபாயில் நிறுவியது. பாதிக்கு மேல் வங்கிக் கடன். ஊராட்சிக்குத் தேவையான மின்சாரம் போக மீதியை மின்வாரியத்துக்கு விற்று அந்தக் கடனை அடைத்தார்கள். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் சோலார் பம்புக் கூட்டுறவு அமைத்து, மிஞ்சிய மின்சாரத்தை விநியோக நிறுவனத்துக்கு 25 வருட ஒப்பந்தத்தில் யூனிட் 4.63 ரூபாய்க்கு விற்றார்கள்.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது: வருமானம் யூனிட் விற்பனையிலிருந்து, எழுதப்பட்ட நீண்டகால விலையில் வந்தது. சான்றை நம்பி யாரும் கடன் வாங்கவில்லை.

——

கடலோரப்_பொறியாளர் எழுதியது:

கடலிலிருந்து 4 கி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையின் அடிப்படைக் காற்று வேகம், இந்தியத் தரம் 875 மூன்றாம் பாகத்தின்படி, நொடிக்கு 50 மீட்டர். பேனல் ஒன்று 28 கிலோதான். கூரைக்கு எடை பிரச்சினையே இல்லை. காற்று அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் பிரச்சினை. கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் கையெழுத்தும் இல்லாத சட்டத்தை ஏற்காதீர்கள்.

சாய்வு 10 முதல் 13 பாகை, தெற்கு நோக்கி. அதிகம் சாய்த்தால் உற்பத்தி கூடாது, காற்றுதான் கூடுதலாகப் பிடிக்கும். கீழே ஆட்கள் நடமாட வேண்டும் என்று 2.5 மீட்டர் உயரத்தில் பந்தல் மாதிரி போட ஆசைப்படுவார்கள். போடலாம், ஆனால் இரும்பும் செலவும் வேறு கணக்கு.

கூரைத் தளத்தில் நேராகத் துளை போட்டு போல்ட் இறக்குவதைத் தவிருங்கள். வாட்டர்ப்ரூஃபிங் அடுக்கு உடைந்தால் இரண்டாவது மழைக்காலத்தில் மேல்மாடி வீட்டில் ஒழுகும். அதற்குள் ஒப்பந்ததாரரின் ஒரு வருடப் பொறுப்பு முடிந்திருக்கும். கான்கிரீட் பீடம் கட்டி, அதில் போல்ட்டைப் பதித்து, பீடத்தின் அடியைச் சுற்றி மறுபடி வாட்டர்ப்ரூஃபிங் செய்வதே சரி. கூரை வேலை ஏதும் பாக்கி இருந்தால் பேனலுக்கு முன் முடித்துவிடுங்கள். சட்டத்துக்கு ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு), குறைந்தது 80 மைக்ரான். கால்வனைஸ் செய்த பிறகு தளத்தில் வெட்டி வெல்டிங் வைத்தால் அந்த இடம் முதலில் துருப்பிடிக்கும். போல்ட், நட் எல்லாம் எஸ்.எஸ். 304, முடிந்தால் 316. பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்று, ஐ.இ.சி. 61701, கேளுங்கள்.

கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். அந்தப் பகுதித் தண்ணீரில் உப்பு அதிகம், கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டால் பிறகு தேய்த்தாலும் போகாது. மெட்ரோ தண்ணீர், காலை 8 மணிக்கு முன்.

——

வயர்மேன்_கோவை எழுதியது:

மின்சாரப் பக்கம் நான் சொல்றேனுங்க. 50 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒண்ணு, 540 வாட் பேனல் 96. ஸ்ட்ரிங்னா தொடரா கோத்த ஒரு வரிசை பேனல்; ஸ்ட்ரிங்குக்கு 16 பேனல், ஆறு ஸ்ட்ரிங். ஒரு பேனலோட திறந்த வோல்டேஜ் (லோடு மாட்டாதப்ப இருக்கறது) சுமார் 49.5, அப்ப 16-க்கு 792. மார்கழி விடியல் குளிர்ல கொஞ்சம் ஏறி 810 வரும். இன்வெர்ட்டர் எல்லை 1,100, பயமில்ல. 20, 22-ன்னு நீட்டி ஸ்ட்ரிங்கைக் குறைச்சுக் கேபிள் மிச்சம் பிடிக்கறவங்க உண்டு, விட்டுறாதீங்க.

தொட்டி, லிஃப்ட் ரூம் நிழல் விழற பேனலை எல்லாம் ஒரே ஸ்ட்ரிங்கில் போட்டுத் இன்வெர்ட்டர்ல தனி எம்.பி.பி.டி.க்கு (ஸ்ட்ரிங்கைத் தனியா கவனிக்கற உள்வாய்) கொடுக்கச் சொல்லுங்க. நிழல் பேனல் ரெண்டை நல்ல ஸ்ட்ரிங்கில் கலந்தா அந்த ஸ்ட்ரிங் முழுக்க இழுபடும். பேனல் கேபிளைக் கோக்கற எம்.சி.4 கனெக்டர் ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனியா இருக்கணும். வேற வேற கம்பெனி மாட்டினா உள்ளே சரியா உக்காராது, சூடாகி உருகும். மாடித் தீ இங்கிருந்தும் கிளம்பும். எர்த் பிட் டி.சி.க்கு ஒண்ணு, ஏ.சி.க்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணு.

ஏ.சி. கேபிள்: முழு உற்பத்தியில் 70 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டர் அறைக்கு 70 மீட்டர்னா, 25 சதுர மி.மீ. அலுமினியக் கேபிளில் ஃபேசுக்கு 7 வோல்ட் ஏறும். 50 போட்டா 4-க்குள்ள நிக்கும். மதியம் லைனே 245 இருக்கற இடத்தில் இந்த 7 சேர்ந்தா 252. இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ்னு நின்னு நின்னு எடுக்கும். நல்ல வெயில்ல உற்பத்தி விழுதுன்னா பேனலைக் குறை சொல்றதுக்கு முன்னால இன்வெர்ட்டர் பதிவில் வோல்டேஜைப் பாருங்க.

உங்களுக்கு ஜெனரேட்டர் இருக்கறதால இது ரொம்ப முக்கியம்: சோலார் லைனை, ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாத்தற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்சுக்கு முன்னால, ஈ.பி. பக்கம்தான் இணைக்கணும். லோடு பக்கம் இணைச்சா, கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் அதையே ஈ.பி.ன்னு நினைச்சு இணைஞ்சுக்கும். லிஃப்ட் நின்ன நேரத்தில் லோடு 5 கிலோவாட், சோலார் 30 கிலோவாட்னா மிச்சம் ஜெனரேட்டருக்குள்ள திரும்பிப் போகும். ஆல்டர்னேட்டர் போச்சு. பகல்ல ஜெனரேட்டரோட சோலாரும் ஓடணும்னா அதுக்குத் தனி கன்ட்ரோலர் வேணும், அதை விலைப்புள்ளியில் தனி வரியா எழுதச் சொல்லுங்க. கரண்ட் போனா சோலாரும் நிக்கும்கறதைப் பொதுக்குழுவில் முதல்லயே சொல்லிடுங்க. லைன்ல வேலை பார்க்கறவர் உயிர் அதுல இருக்கு.

——

ஒப்பந்தப்_பார்வை எழுதியது:

முதல் போடும் நிறுவனத்தின் வரைவில் பசுமை வரி தவிர இன்னும் நான்கு இடம் பாருங்கள்.

கருதப்பட்ட உற்பத்தி: ஈ.பி. இல்லாத நேரத்துக்கும், நீங்கள் கூரையைப் பழுது பார்க்கும் நாட்களுக்கும் 'உற்பத்தி ஆனதாகக் கருதி' பணம் கேட்கும் பிரிவு. ஈ.பி. தடைக்கு முழுவதும் நீக்குங்கள். கூரைப் பழுதுக்கு ஐந்து வருடத்தில் இத்தனை நாள் இலவசம், பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்று எழுதுங்கள்.

விலை ஏற்றம்: வருடம் 3 சதவீதம் என்பது சின்னதாகத் தெரியும். 4.50-ல் தொடங்கினால் 20-ஆம் வருடம் 7.90. அதோடு, பகல் நேர மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம் என்ற நேரவாரி முறையை மத்திய விதிகள் 2023-லேயே கொண்டு வந்துவிட்டன, ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு அது பொது இணைப்புகளையும் தொடும். பகல் யூனிட்டின் விலை இறங்கும்போது உங்கள் ஒப்பந்த விலை மட்டும் ஏறிக்கொண்டே போகக் கூடாது. "ஈ.பி. பகல் கட்டணத்தை விட யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் கீழே, எந்த வருடமும்" என்று உச்சவரம்பு வையுங்கள்.

வாங்கிக்கொள்ளும் விலை: ஐந்தாம், எட்டாம், பத்தாம் வருட முடிவில் பிளான்ட்டைச் சங்கம் வாங்கினால் எவ்வளவு என்று ரூபாயில் பட்டியல். 'அப்போதைய சந்தை மதிப்பு' என்று விடாதீர்கள்.

உற்பத்தி உறுதி: முதல் வருடம் கிலோவாட்டுக்கு 1,400 யூனிட், பிறகு வருடத்துக்கு 0.7 சதவீதத்துக்கு மேல் குறையாமல். குறைந்தால் ஈ.பி. விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சங்கத்துக்கு. இதே உறுதியை, சொந்தப் பணத்தில் போட்டாலும் ஒப்பந்ததாரரிடம் கேட்கலாம்.

என் அபிப்பிராயம்: சங்க நிதியிலோ வங்கிக் கடனிலோ சொந்தமாகப் போடுங்கள். 52 கிலோவாட்டுக்கு 26 லட்சம், மானியம் 9.3 லட்சம் போனால் 17 லட்சத்துக்குள். வீட்டுக்கு 23,000 சொச்சம். இதற்காக 20 வருடம் கூரையை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

——

செயலாளர்_72 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடிதம் எழுதிவிட்டோம். நெட் மீட்டரிங் என்று பதில் வந்தால் 52, நெட் ஃபீட்-இன் என்றால் 25 கிலோவாட், இரண்டிலும் சொந்த முதல் என்று தீர்மானத்தை இரண்டு பத்தியாக வரைகிறோம். பசுமை உரிமை பற்றிய வரியும் சேர்கிறது. கடைசியாக ஒன்று: வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் சங்கத்தின் சார்பில் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

——

வயர்மேன்_கோவை எழுதியது:

ஆறு ஸ்ட்ரிங்கோட திறந்த வோல்டேஜையும் உங்க முன்னால அளந்து தாளில் எழுதி வாங்குங்க. ஆறும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மட்டும் 50 வோல்ட் குறைஞ்சா ஒரு பேனல் விட்டுப் போயிருக்கு. இன்சுலேஷன், எர்த் அளவு ரெண்டும் அதே தாளில். அப்புறம் ஈ.பி. மெயினை அணைச்சுப் பாருங்க, இன்வெர்ட்டர் ரெண்டு செகண்டுக்குள்ள நிக்கணும். ஜெனரேட்டரை ஓட விட்டு, இன்வெர்ட்டர் இணையாம இருக்கான்னு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க.

மீட்டர்ல தொடக்க அளவு மூணையும் போட்டோ எடுங்க: உள்ளே வந்தது, வெளியே போனது, உற்பத்தி. இந்த அளவு லோடுக்கு மீட்டர் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வெச்சுத்தான் வரும். மூணு சி.டி.யில் ஒண்ணு திருப்பி மாட்டினா அந்த ஃபேசில் வெளியே போறது உள்ளே வர்றதா ஏறும், பில் பழைய மாதிரியே வரும். கண்டுபிடிக்க, வெயில் நல்லா இருக்கற மதியம் மோட்டார், லிஃப்ட் எல்லாத்தையும் பத்து நிமிஷம் நிறுத்துங்க. உற்பத்தியில் மீதி லோடு போக மத்ததெல்லாம் வெளியே போன கணக்கில் ஏறணும், உள்ளே வர்ற அளவு அசையக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வெளியே போற அளவு நிக்கணும். முதல் பில் வந்ததும் உற்பத்தியில் வெளியே போனதைக் கழிச்சு, உள்ளே வந்ததைக் கூட்டுங்க. பழைய 14,000-க்குப் பக்கத்துல வரணும். வரலைன்னா அந்த மாசமே புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிடுங்க.